நேரம் கடக்கும் முன் கேளுங்கள்: கருத்தடையில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

ஆணுறை கிழிந்துவிட்டது. மூன்று நாளாக மாத்திரை போட மறந்துவிட்டது. இந்த மாதம் நாள் தள்ளிப்போகிறது. இப்படி ஒரு பயம் வந்ததும் நம் பெண்கள் பலர் யாரிடமும் மூச்சுவிடாமல் காத்திருக்கிறார்கள். அம்மாவிடம் கேட்க முடியாது, மெடிக்கல் ஷாப்பில் நாலு பேர் நிற்கிறார்கள், டாக்டர் முதலில் "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றுதான் கேட்பார் என்று தயங்கியே ஒரு வாரம் ஓடிவிடும்.

கருத்தடையில் அந்த ஒரு வாரத்துக்கு மதிப்பு மிக அதிகம். முதல் நாளில் ஒரு மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது பத்தாவது நாளில் முடியாது. அதனால் இந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் அறிவுரை ஒன்றுதான்: வெட்கத்துக்காக நேரத்தை இழக்காதீர்கள். கேள்வி எழுந்த அன்றே கேளுங்கள். முடிந்தால் கேள்வி எழுவதற்கு முன்பே கேட்டு வையுங்கள்.

1. அவசரக் கருத்தடை மாத்திரை

பாதுகாப்பில்லாமல் உறவு நடந்துவிட்டாலோ, பயன்படுத்திய முறை தவறிவிட்டாலோ எடுத்துக்கொள்வது இந்த மாத்திரை. இந்தியாவில் பரவலாகக் கிடைப்பது லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம். ஐ-பில், அன்வான்டட்-72 என்ற பெயர்களில் விற்கிறார்கள். அரசுத் திட்டத்தில் இதன் பெயர் ஈஸி பில். சினைப்பையிலிருந்து முட்டை வெளிவருவதை இது தள்ளிப்போடுகிறது. விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்வரை உயிரோடு இருக்கும். அந்த நாட்களில் முட்டை வராமல் தடுத்துவிட்டால் கரு உருவாகாது.

*செய்ய வேண்டியவை*

- எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் போடுங்கள். 72 மணி நேரம் என்று அட்டையில் எழுதியிருக்கிறதே என்று அதுவரை காத்திருக்காதீர்கள். முதல் 12 மணி நேரத்துக்குள் போடுவது மூன்றாவது நாளில் போடுவதைவிட நல்லது. மூன்று நாள் கடந்துவிட்டாலும் ஐந்தாம் நாள்வரை ஓரளவு பலன் உண்டு, ஆனால் நாளுக்கு நாள் குறையும்.
- போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் இன்னொரு மாத்திரை போடுங்கள்.
- ஐந்து நாளுக்குள் கர்ப்பப்பைக்குள் காப்பர் டி பொருத்திக்கொள்ளும் வழியையும் டாக்டரிடம் கேளுங்கள். அவசரக் கருத்தடைகளில் அதிகப் பலன் தருவது அதுதான். உடல் எடை அதிகம் உள்ளவர்களுக்கு மாத்திரையின் பலன் குறையலாம். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுப்பவர்களுக்கும், வலிப்புக்கு ஃபெனிடாயின், கார்பமசெபின் எடுப்பவர்களுக்கும் அப்படித்தான். இவர்கள் காப்பர் டி பற்றி அவசியம் பேச வேண்டும்.
- மாத்திரை போட்ட பிறகு அடுத்த மாதவிடாய் சில நாள் முந்தியோ பிந்தியோ வரலாம். குமட்டல், தலைவலி, மார்பகத்தில் வலி, சொட்டுச் சொட்டாக உதிரப்போக்கு ஆகியவையும் வரலாம், ஓரிரு நாளில் போய்விடும். எதிர்பார்த்த தேதியிலிருந்து ஒரு வாரம் தாண்டியும் மாதவிடாய் வராவிட்டால் பரிசோதனை செய்யுங்கள்.
- தாய்ப்பால் கொடுப்பவரும் போடலாம். பாலை நிறுத்த வேண்டியதில்லை.

*செய்யக்கூடாதவை*

- ஒரு கடையில் இல்லை என்றதும் வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். டாக்டர் சீட்டு இல்லாமலேயே இதை விற்கலாம் என்று 2005-லேயே நாடு முழுவதற்கும் அனுமதி வந்துவிட்டது. ஆனாலும் தமிழ்நாட்டில் பல மருந்துக் கடைகள் இதை வாங்கி வைப்பதில்லை, "இங்க அதெல்லாம் விக்கக் கூடாதும்மா" என்று சொல்லி அனுப்பும் கடைகளும் உண்டு. அடுத்த கடைக்குப் போங்கள். அங்கும் இல்லையென்றால் கடை கடையாக அலையாமல் அரசு மருத்துவமனையின் மகப்பேறு பிரிவுக்கோ மகப்பேறு டாக்டரிடமோ அன்றே போய்விடுங்கள். ஆன்லைனில் வரவழைத்தால் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.
- இதைக் கருக்கலைப்பு மாத்திரை என்று நினைத்துப் பயப்படாதீர்கள். ஏற்கெனவே கரு தங்கியிருந்தால் இது கலைக்காது, அந்தக் கருவுக்குக் கெடுதலும் செய்யாது. கருக்கலைப்பு மாத்திரைகள் வேறு மருந்து. அவற்றை டாக்டர் இல்லாமல் போடக் கூடாது.
- போட்ட மாத்திரை அந்த மாதம் முழுக்கக் காக்கும் என்று நம்பாதீர்கள். முட்டை வருவது தள்ளித்தான் போயிருக்கிறது. மறுநாளே மீண்டும் பாதுகாப்பின்றி உறவு கொண்டால் கருத்தரிக்கும் வாய்ப்பு உண்டு.
- மாதாமாதம் இதையே நம்பி இருக்காதீர்கள். இரண்டாவது, மூன்றாவது முறை போட்டாலும் கர்ப்பப்பை கெடாது, மலடு ஆகாது. ஆனால் மாதவிடாய் தாறுமாறாகும், பலனும் வழக்கமான முறைகளைவிடக் குறைவு. அடிக்கடி தேவைப்படுகிறது என்றால் உங்களுக்கு ஒரு வழக்கமான முறை வேண்டும் என்றுதான் பொருள்.
- மாத்திரைக்குப் பிறகு லேசாக உதிரம் பட்டதும் "தப்பித்தோம்" என்று முடிவு கட்டாதீர்கள். அது மாதவிடாயாக இல்லாமலும் இருக்கலாம். சந்தேகம் இருந்தால் உறவு நடந்த மூன்று வாரத்துக்குப் பிறகு செய்யும் சோதனை உறுதியான பதிலைத் தரும்.

2. தினசரி மாத்திரை

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாலா-என் அட்டையில் 28 மாத்திரைகள் இருக்கும். 21 ஹார்மோன் மாத்திரைகள், மீதி ஏழும் இரும்புச்சத்து மாத்திரைகள். ஒருநாளும் விடாமல் போட்டால் நூறு பெண்களில் ஒருவருக்குக்கூட ஒரு வருடத்தில் கர்ப்பம் தங்காது. நடைமுறையில் மறதியையும் சேர்த்துப் பார்த்தால் நூறில் ஏழு பேருக்குத் தங்கிவிடுகிறது.

*செய்ய வேண்டியவை*

- மாதவிடாய் தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பியுங்கள், அன்றிலிருந்தே பாதுகாப்பு உண்டு. வேறு நாளில் ஆரம்பித்தால் முதல் ஏழு நாள் ஆணுறையும் வேண்டும்.
- தினமும் செய்யும் ஒரு வேலையோடு சேர்த்து வையுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பல் துலக்கும்போது என்று எதுவானாலும் சரி, நேரம் மாறக் கூடாது.
- ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள். அன்றைக்குரியதையும் வழக்கமான நேரத்தில் போடுங்கள். ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை.
- தொடர்ந்து இரண்டு அல்லது அதற்கு மேல் ஹார்மோன் மாத்திரை விட்டுப்போனால், கடைசியாக விட்ட ஒன்றை மட்டும் போட்டு மீதியைத் தொடருங்கள். ஏழு நாள் ஆணுறை அவசியம். இது முதல் வாரத்தில் நடந்து, முந்தைய ஐந்து நாளில் உறவும் இருந்தால் அவசர மாத்திரை தேவைப்படலாம். மூன்றாவது வாரத்தில் நடந்தால் ஹார்மோன் மாத்திரைகளை முடித்ததும் இரும்பு மாத்திரைகளை விட்டுவிட்டு நேராகப் புது அட்டையைத் தொடங்குங்கள்.
- ஆரம்பிக்கும் முன் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளுங்கள்.

*செய்யக்கூடாதவை*

- தோழிக்கு ஒத்துக்கொண்டது என்று அவளுடைய அட்டையை வாங்கிப் போடாதீர்கள். உயர் ரத்த அழுத்தம், ரத்தம் உறையும் கோளாறு, கல்லீரல் நோய், மார்பகப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், கண்ணில் மின்னல் போல் தெரிந்து வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் இந்த வகை கூடாது. பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் முதல் ஆறு மாதம் வேறு முறையே நல்லது.
- முதல் இரண்டு மூன்று மாதம் வரும் குமட்டலுக்கும் இடையில் படும் உதிரத்துக்கும் பயந்து நிறுத்திவிடாதீர்கள், பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஆனால் கடுமையான நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், திடீரென்று பார்வை மங்குதல், தாங்க முடியாத தலைவலி, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
- "மாத்திரை போட்டால் பின்னாடி குழந்தை பிறக்காது" என்ற பேச்சை நம்பாதீர்கள். நிறுத்தியதும் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும்.
- திருவிழா, கல்யாணம், கோயில் பயணத்துக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடப் போடும் மாத்திரையைக் கருத்தடையாக எண்ணாதீர்கள். அது பெரும்பாலும் நோரெதிஸ்டிரோன் என்ற மருந்து, அந்த அளவில் அதைக் கருத்தடைக்காகக் கொடுப்பதில்லை. விசேஷ வீட்டுக்குப் போய்வந்த மாதத்தில் இந்தக் குழப்பத்தால் கருத்தரித்துவிட வாய்ப்பு உண்டு.

3. சாயா, அந்தரா, காப்பர் டி

தினமும் நினைவு வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கு அரசு மருத்துவமனைகளிலேயே மூன்று இலவச வழிகள் இருக்கின்றன. சாயா என்பது ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் கண்டுபிடிப்பு, சகேலி என்ற பெயரில் 1991-லிருந்து கடைகளில் இருக்கிறது. அந்தரா மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி. ஊரில் பலர் லூப் என்று சொல்லும் காப்பர் டி-யில் 380ஏ வகை பத்து வருடம் காக்கும், 375 வகை ஐந்து வருடம் காக்கும்.

*செய்ய வேண்டியவை*

- சாயாவை மாதவிடாயின் முதல் நாளில் தொடங்குங்கள். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று. எந்தக் கிழமை என்று காலண்டரில் குறித்துவிடுங்கள். இதைப் போடும்போது மாதவிடாய் தள்ளிப்போவது சகஜம். ஆனால் 15 நாளுக்கு மேல் தள்ளினால் சோதித்துக்கொள்ளுங்கள்.
- அந்தரா போடும் முன் அடுத்த குழந்தை எப்போது வேண்டும் என்று யோசியுங்கள். ஊசியை நிறுத்திய பிறகு கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம். மாதவிடாய் ஒழுங்கில்லாமல் வருவதும் சில மாதம் கழித்து நின்றேவிடுவதும் இந்த ஊசியின் இயல்பு, கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறது என்று அர்த்தமில்லை.
- காப்பர் டி பொருத்திய பிறகு மாதவிடாய் முடிந்ததும் நூல் கைக்குத் தட்டுப்படுகிறதா என்று பாருங்கள். தட்டுப்படாவிட்டாலோ, காய்ச்சலும் அடிவயிற்று வலியும் துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் வந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.
- காப்பர் டி வைத்த முதல் மூன்று முதல் ஆறு மாதத்தில் உதிரப்போக்கும் வயிற்றுவலியும் கூடலாம். ரத்தசோகை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

*செய்யக்கூடாதவை*

- குழந்தை பெற்றவர்கள்தான் காப்பர் டி வைத்துக்கொள்ள முடியும் என்று ஒதுக்கிவிடாதீர்கள். குழந்தை பெறாதவர்களும் வைத்துக்கொள்ளலாம் என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. எடுத்ததும் உடனே கருத்தரிக்கலாம்.
- காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற கதைக்குக் காது கொடுக்காதீர்கள். அது கர்ப்பப்பைக்குள் இருப்பது, அங்கிருந்து நெஞ்சுக்கு வழி கிடையாது.
- பி.சி.ஓ.டி., கல்லீரல் கோளாறு, சிறுநீரகக் கோளாறு இருப்பதை மறைத்துச் சாயா வாங்காதீர்கள். இவை உள்ளவர்களுக்கு அது ஏற்றதில்லை.
- பிரசவ அறையில் கேட்காமல் காப்பர் டி பொருத்திவிட்டார்களா என்ற சந்தேகத்தோடு வீடு திரும்பாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டைப் படியுங்கள், நர்ஸ் அக்காவிடம் கேளுங்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எதையும் பொருத்தக் கூடாது. வேண்டாம் என்றால் எடுக்கச் சொல்வதும் உங்கள் உரிமை.

4. ஆணுறை

இந்தப் பட்டியலில் உள்ள முறைகளில் கருத்தடையோடு எச்.ஐ.வி. போன்ற பால்வினைத் தொற்றுகளிலிருந்தும் காப்பாற்றுவது ஆணுறை மட்டுமே. மாத்திரை போடுபவருக்கும் காப்பர் டி வைத்திருப்பவருக்கும்கூட அது தேவைப்படலாம்.

*செய்ய வேண்டியவை*

- உறையின் மேல் காலாவதித் தேதியைப் பாருங்கள். உறவின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை அணிந்திருக்க வேண்டும்.
- நீங்களே வாங்கி வைத்திருங்கள். அது ஆண் மட்டுமே வாங்க வேண்டிய பொருள் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரசு மருத்துவமனைகளில் நிரோத் ஆணுறை இலவசம்.

*செய்யக்கூடாதவை*

- தேங்காய் எண்ணெய், வாசலின், பேபி ஆயில் எதையும் தடவாதீர்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் நைந்து கிழிந்துவிடும். வழவழப்பு வேண்டுமென்றால் நீரில் கரையும் ஜெல் வாங்குங்கள்.
- ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு அணியச் சொல்லாதீர்கள். உரசிக் கிழியும்.
- பர்ஸிலும் பைக் பெட்டியிலும் மாதக்கணக்கில் வைத்திருந்ததைப் பயன்படுத்தாதீர்கள். நம் ஊர் வெயில் அதைக் கெடுத்துவிடும்.

5. காதோடு காதாக வரும் யோசனைகள்

*செய்ய வேண்டியவை*

- "சேஃப் பீரியட்" பார்ப்பவரானால் உங்கள் சுழற்சி சீராக 26 முதல் 32 நாளுக்குள் வருகிறதா என்று சில மாதம் குறித்துப் பாருங்கள். அப்படி வந்தால் சுழற்சியின் எட்டாம் நாள் முதல் பத்தொன்பதாம் நாள்வரை கருத்தரிக்கும் நாட்கள். சீராக வராவிட்டால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது.
- பிரசவத்துக்குப் பிறகு பாலை நம்பி இருப்பவரானால் மூன்று நிபந்தனைகளும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்: குழந்தைக்கு ஆறு மாதம் முடியவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே தருகிறீர்கள், மாதவிடாய் இன்னும் வரவில்லை. இதில் ஒன்று தவறினாலும் வேறு முறை வேண்டும். முதல் மாதவிடாய் வரும் முன்பே முட்டை வெளிவந்துவிடலாம்.

*செய்யக்கூடாதவை*

- பப்பாளிக்காய், எள்ளுருண்டை, அன்னாசி என்று சாப்பிட்டு நாட்களைக் கடத்தாதீர்கள். இவை கருத்தடையும் செய்யாது, கருவைக் கலைக்கவும் செய்யாது. அவசர மாத்திரைக்கான நேரம்தான் அதில் போகும்.
- உறவுக்குப் பிறகு குதிப்பது, சிறுநீர் கழிப்பது, தண்ணீரோ டெட்டாலோ விட்டுக் கழுவுவது எதுவும் பலிக்காது. கழுவும் மருந்து உள்ளே புண்ணைத்தான் உண்டாக்கும்.
- "நான் பார்த்துக்கறேன், வெளியே எடுத்துடறேன்" என்ற வாக்குறுதியை மட்டும் நம்பாதீர்கள். அதை நம்பும் நூறு பெண்களில் சுமார் இருபது பேர் ஒரு வருடத்தில் கருத்தரிக்கிறார்கள்.

6. நாள் தள்ளிப்போனால்

*செய்ய வேண்டியவை*

- மாதவிடாய் வர வேண்டிய தேதி தாண்டியதுமே மெடிக்கல் ஷாப்பில் கர்ப்பப் பரிசோதனை கார்டு வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் சோதியுங்கள். இரண்டாவது கோடு மங்கலாகத் தெரிந்தாலும் கர்ப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
- கர்ப்பம் உறுதியானால், தொடர்வதா வேண்டாமா என்பதை முடிவு செய்ய முதலில் டாக்டரைப் பாருங்கள். 1971-ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. கருத்தடை தவறியதால் உண்டான கர்ப்பத்தை 20 வாரம்வரை ஒரு டாக்டரின் ஒப்புதலோடு கலைக்கலாம். திருமணம் ஆகாதவருக்கும் இது பொருந்தும். சட்டம் சொல்லும் சில பிரிவினருக்கு 24 வாரம்வரை அனுமதி உண்டு. அதில் மணமாகாத பெண்களை ஒதுக்கக் கூடாது என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 18 வயது நிரம்பியவருக்குக் கணவரின் கையெழுத்தோ பெற்றோரின் கையெழுத்தோ தேவையில்லை.
- அடிவயிற்றில் ஒரு பக்கம் கடும் வலி, மயக்கம், உதிரப்போக்கு சேர்ந்து வந்தால் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கரு, கருக்குழாயில் தங்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

*செய்யக்கூடாதவை*

- கருக்கலைப்பு மாத்திரையை ஆள் அனுப்பி வாங்கி வீட்டில் தனியாகப் போடாதீர்கள். எத்தனை வாரம், கரு எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியாமல் போட்டால் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போகலாம். ஏற்கெனவே போட்டுவிட்டு ரத்தம் நிற்காமல் போனால் திட்டுவார்களே என்று ஒளிக்காதீர்கள். என்ன போட்டீர்கள், எப்போது போட்டீர்கள் என்று டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள்.
- போலி மருத்துவர்களிடமும் குச்சி வைப்பவர்களிடமும் போகாதீர்கள்.

7. கேட்கும் இடத்தில்

*செய்ய வேண்டியவை*

- கிராமமானால் கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம். நகரமானால் நகர்ப்புற சுகாதார மையம், அரசு மருத்துவமனை. போனில் கேட்க 104 இருக்கிறது.
- டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். "எனக்குக் கருத்தடை பற்றித் தெரிய வேண்டும்" என்ற ஒரு வரி போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு டாக்டர் பாடம் நடத்தினால் அடுத்த டாக்டரிடம் போங்கள்.
- வன்கொடுமை நடந்திருந்தால் எந்த மருத்துவமனைக்கும் போகலாம், அரசோ தனியாரோ முதல் சிகிச்சையை இலவசமாகத் தர வேண்டும். போலீஸ் புகார் இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. அவசரக் கருத்தடையோடு எச்.ஐ.வி. தடுப்பு மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் கேளுங்கள். உதவிக்கு 181.
- 18 வயதுக்குக் குறைந்தவர் என்றால் போக்சோ சட்டப்படி மருத்துவமனை காவல்துறைக்குத் தெரிவிக்கும். இருந்தாலும் சிகிச்சையைத் தவிர்க்காதீர்கள். நம்பிக்கையான ஒரு பெரியவரை, அக்காவோ அத்தையோ டீச்சரோ, கூட அழைத்துப் போங்கள். கருக்கலைப்பு தேவைப்பட்டால், சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொள்ளும்போது அந்தத் தகவலில் பெயரை வெளியிட வேண்டியதில்லை என்று 2022 தீர்ப்பு சொல்கிறது.

*செய்யக்கூடாதவை*

- "ஆணுறை வேண்டாம், என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பவருக்காக விட்டுக்கொடுக்காதீர்கள். மாத்திரையை ஒளித்துவைப்பதும், கட்டாயப்படுத்துவதும், கணவரே செய்தாலும் கொடுமைதான்.
- உங்களிடம் வந்து கேட்கும் தங்கையிடமோ மகளிடமோ "உனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு அவள் வாயை மூடிக்கொள்வாள், இணையத்தில் யாரோ சொன்னதைச் செய்வாள். "எப்போ நடந்தது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் எந்த வழி இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தெரியும்.

இந்த வாரமே மூன்று வேலைகளைச் செய்து வையுங்கள். உங்களுக்கு எந்த முறை பொருந்தும் என்று ஒரு செவிலியரிடமோ டாக்டரிடமோ பேசுங்கள். உங்கள் பகுதியில் எந்தக் கடையில் அவசர மாத்திரை கிடைக்கிறது என்று விசாரித்து, ஒன்றை வாங்கிக் காலாவதித் தேதி பார்த்து வீட்டில் வையுங்கள். கடைசி மாதவிடாய்த் தேதியைக் குறித்து வையுங்கள். எப்போது அம்மா ஆவது, ஆவதா வேண்டாமா என்ற முடிவு உங்களுடையது. அதற்கு வேண்டிய மருந்தும் சட்டமும் இங்கே இருக்கின்றன, தயங்காமல் போய்க் கேளுங்கள்.